விளைந்த காயும் வெம்பிய காயும்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 11ஆம் ஞாயிறு)



இது மாம்பழக் காலம். இராஜபாளையத்தில் பேருந்து ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து, திருவில்லிபுத்தூர் வரை வந்து பாருங்கள். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து இறங்கிய சப்பட்டையும் பஞ்சவர்ணமும் தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கும். நிறத்தைப் பார்த்தே மனம் மயங்கி இரண்டு கிலோ வாங்கிவிடுகிறோம். வீட்டிற்கு வந்து நறுக்கினால்தான் விஷயம் தெரிகிறது. தோல் பழம், உள்ளே காய். வாயில் வைத்தால் நல்ல மாங்காயின் புளிப்பும் இல்லை, நல்ல மாம்பழத்தின் இனிப்பும் இல்லை. "கல் வச்சுப் பழுக்க வச்சிருக்கான்" என்று வீட்டுப் பெரியவர் சொல்லி முடித்துவிடுவார்.

அந்தக் கல் கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அதிலிருந்து ஒரு வாயு கிளம்பும். அந்த வாயுவிற்குக் காய் விளைந்ததா விளையாததா என்ற கணக்கு கிடையாது. ஓரிரு நாளில் தோலை மஞ்சளாக்கிவிடும். உடம்புக்குக் கேடு என்பதால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. ஆனாலும் அவசரமும் ஆசையும் சட்டத்தைக் கேட்பதில்லை. தோப்பு வைத்திருப்பவர்களைக் கேட்டால் வேறு ஒன்று சொல்வார்கள். விளைந்த காயைப் பறித்து வைக்கோலில் போட்டால் அது தானே பழுக்கும், கல்லே தேவையில்லை. விளையாத காயைப் பறித்துவிட்டால், எந்தக் கல்லை வைத்தாலும் அது வெம்பத்தான் செய்யும். ஆகவே முதல் கேள்வி பழுத்ததா என்பதல்ல, விளைந்ததா என்பதுதான்.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு சொல்லும் உவமையும் விளைச்சலைப் பற்றியதே. மாற்கு நற்செய்தியாளர் மட்டுமே நமக்குக் கொடுத்திருக்கும் உவமை இது. ஒருவர் விதைக்கிறார். பிறகு இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார். விதை முளைத்து வளர்கிறது, எப்படி என்று அவருக்கே தெரியாது. முதலில் தளிர், அடுத்து கதிர், அதன்பின் கதிர் நிறையத் தானியம். பயிர் விளைந்த பிறகுதான் அரிவாள் வருகிறது. இதைப் படிக்கும்போது நம் கரிசல் காட்டுச் சம்சாரி ஒருவர் எதிரே உட்கார்ந்து தலையாட்டுவது போலவே இருக்கிறது. விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறி முளை வந்ததா என்று பார்க்கும் சம்சாரி உண்டா? கதிர் வாங்கும் முன்னே அரிவாளைத் தீட்டுகிறவர் உண்டா? நிலத்தில் இல்லாத இந்த அவசரம் விசுவாசத்தில் மட்டும் நமக்கு எங்கிருந்து வந்தது?

நம்மையே சற்றுச் சோதித்துப் பார்ப்போம். ஒப்புரவு அருள்சாதனத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் முழந்தாளிடுகிறார். "பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பெற்றோருக்குக் கீழ்ப்படியவில்லை, காலை மாலைச் செபம் சொல்லத் தவறினேன்" என்கிறார். பெற்றோர் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். புதுநன்மை வாங்குவதற்கு முன்பு மறைக்கல்வி ஆசிரியை சொல்லிக் கொடுத்த அதே பட்டியல் மாறாமல் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் குறை சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பொருத்தமானதே. ஆனால் இந்த நாற்பது ஆண்டுகளில் நாம் வியாபாரம் செய்திருக்கிறோம், வட்டிக்குக் கொடுத்திருக்கிறோம், மருமகள் எடுத்திருக்கிறோம், அண்ணன் தம்பியோடு வரப்புக்காக வழக்காடியிருக்கிறோம். அவையெல்லாம் பட்டியலில் எங்கே? உடம்பு வளர்ந்துவிட்டது, சட்டை மட்டும் அன்றைய அளவிலேயே நின்றுவிட்டது. (குருக்களாகிய நம்முடைய ஒப்புரவிலும் இந்தக் குட்டைச் சட்டை உண்டு. அதையும் ஒளிக்க வேண்டியதில்லை.)

எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் ஆசிரியர் இதே மனக்குறையைத்தான் வெளியிடுகிறார். மற்றவர்களுக்குப் போதிக்கவேண்டிய காலத்தில் நீங்கள் இன்னும் பால்தான் கேட்கிறீர்கள், கெட்டியான உணவு உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையே என்று வருந்துகிறார். பாலைப் பற்றித் திருவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. பால்கோவா கிண்டும் கடைவாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பால் கோவாவாக வேண்டுமானால் அடுப்பருகே ஒருவர் நின்றுகொண்டே இருக்கவேண்டும். கரண்டி நின்றால் அடிபிடித்துவிடும். 2019ஆம் ஆண்டு அந்த இனிப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்று ஊரே மகிழ்ந்தது. அந்த வெக்கையில் நின்று கிண்டிய கைகளை எத்தனை பேர் நினைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

சரி, விசுவாசத்தில் விளைந்தவர் என்றால் யார்? நிறையச் செபம் சொல்பவரா? தேர்பவனியில் வடம் பிடிப்பவரா? அன்பியத்தில் அழகாகப் பேசுபவரா? பேசத் தெரிந்ததே முதிர்ச்சி என்றால் நமக்கெல்லாம் கவலையே இல்லை.

நம் நெஞ்சை உறுத்திய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒரு சகோதரர். மனைவிக்கு நோய் கண்டது. மருத்துவமும் பார்த்தார், நேர்ச்சையும் செய்தார். இரண்டு ஆண்டுகள் வேளாங்கண்ணிக்கு நடந்தே போனார். நவநாள் ஒன்று விடவில்லை. மனைவி இறந்துபோனார். அடக்கம் முடிந்த எட்டாம் நாள் நம்மிடம் வந்தார். "சாமி, நான் என்ன சாமி குறை வச்சேன்?" என்றார். நாம் என்ன சொன்னோம்? "எல்லாம் ஆண்டவருடைய திருவுளம்" என்றோம். உடனே சொன்னோம். அவர் கேட்டு முடிக்கும் முன்பே சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அன்பர்களே, அன்று நாம் அவருக்குக் கொடுத்தது கல் வைத்துப் பழுக்க வைத்த பதில். பார்வைக்கு மஞ்சளாக இருந்தது. வேதவாக்கு போலவே இருந்தது. ஆனால் உள்ளே விளையவில்லை. துயரத்தின் அருகில் உட்காரப் பொறுமையில்லாத ஒருவனின் வாயிலிருந்து வந்த பதில் அது. அவருடைய விசுவாசம் இன்னும் நேர்ச்சைக் கணக்கிலேயே நிற்கிறது என்று நாம் அப்போது எண்ணினோம். உண்மையில் அவர் கேட்ட கேள்வி யோபு கேட்ட கேள்வி. பக்குவம் போதாதது யாருக்கு என்று பிறகுதான் விளங்கியது.

யோபுவின் பெயரைச் சொன்னதும் நம் மண்ணின் புனிதர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். தெற்கே குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்தவர். செல்வாக்கும் செழிப்பும் உள்ள குடும்பம். ஒரு காலத்தில் அவருக்கு அடிமேல் அடி விழுந்தது. கால்நடைகள் மாண்டன, பயிர் பொய்த்தது. மனம் ஒடிந்திருந்த அவருக்கு நண்பர் ஒருவர் இருந்தார். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படையிலிருந்து சிறைபிடிக்கப்பட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்த கத்தோலிக்கர் டிலனாய். நண்பரின் வாடிய முகத்தைப் பார்த்த டிலனாய் என்ன செய்தார் தெரியுமா? யோபுவின் கதையைச் சொன்னார்.

யோபுவின் கதையில் துன்பத்திற்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. யோபு கடைசிவரை காரணம் கேட்கிறார். நண்பர்கள் காரணம் சொல்லிச் சொல்லியே அவரைக் கொல்கிறார்கள். ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள்தான், வாயைத் திறந்த பிறகே கெட்டுப்போனார்கள். இறுதியில் கடவுள் வருகிறார். காரணத்தோடு அல்ல, தாமே வருகிறார். இந்தக் கதையைக் கேட்டுத்தான் நீலகண்டனின் உள்ளத்தில் விதை விழுந்தது. கும்பிட்டால் மாடு பிழைக்கும், வயல் விளையும் என்று டிலனாய் அவரிடம் ஆசை காட்டவில்லை.

விதை விழுந்த அன்றே அறுவடை நடக்கவில்லை. நீலகண்டன் கேட்டார், கற்றார், காத்திருந்தார். 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழாக்கமாகத் தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். அவருடைய மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். தளிர் வந்தது. அரசுப் பதவியில் இருந்தபடியே, சாதி வேறுபாடு பாராமல் எளியவர்களோடு உட்கார்ந்து உண்டார், பேசினார். அது பலருடைய கண்ணை உறுத்தியது. 1749ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கைதானார்.

அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். எருமை மாட்டின்மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்தார். வயது 39. பொங்கல் நாளில் நம் பங்குகளிலிருந்து காற்றாடிமலைக்கு வேன் பிடித்துப் போய்வருகிறோம். மலையேறி, படம் எடுத்து, பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வருகிறோம். நல்லதுதான். ஆனால் நம் கவனம் எல்லாம் அந்தக் கடைசி நாளின்மேலேயே இருக்கிறது. நம்மைத் தொடவேண்டியது அந்த வேப்பமரத்து மாதங்கள் என்று தோன்றுகிறது. அங்கே கூட்டமில்லை, வெற்றியில்லை. இன்றைக்கு விடுவிப்பார்களா, நாளைக்கு அடிப்பார்களா என்று தெரியாது. பதவி போயிற்று, ஞானப்பூ எங்கோ தனியாக. ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றிருக்கலாம். ஒவ்வொரு நாள் காலையும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்தார். விதைத்தவர் தூங்கி எழ, கதிரில் தானியம் பால் பிடித்து முற்றுவது இப்படித்தான்.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். குடும்ப வாழ்வில் இருந்த இந்தியப் பொதுநிலையினர் ஒருவர் புனிதராக அறிவிக்கப்பட்டது அதுவே முதல்முறை. இதில் ஒன்றைக் கவனித்தோமா? பல காலமாக அவர் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பெயரை நீக்கிவிட்டுத்தான் திருச்சபை அவரைப் பீடத்தில் ஏற்றியது. அவர் 1745லேயே கழற்றி வைத்ததை நாம் கழற்ற 2022 ஆகிவிட்டது.

இதைச் சொல்லும்போது வடக்கன்குளத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. தேவசகாயம் ஞானப்பிறப்பு அடைந்த அதே ஊரில், பிற்காலத்தில் கட்டிய ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் என்று பிரித்து நடுவே சுவர் வைத்திருந்தார்கள். ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவில் சுவர். 1910ஆம் ஆண்டு பங்குக் குருவானவர் அந்தச் சுவரை இடித்தார். இடித்ததை எதிர்த்து வழக்கு போட்டார்கள், அது சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. சுவரை மறுபடியும் எழுப்ப நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. திருப்பலி கண்டவர்கள், செபமாலை சொன்னவர்கள், திருநாளுக்கு வரி கொடுத்தவர்கள்தான் அந்த வழக்கைப் போட்டவர்கள். பக்தி இருந்தது. விளைச்சல் இல்லை. ஒரு தனி மனிதர் மட்டுமல்ல, ஒரு பங்கு முழுவதுமே பல தலைமுறைகள் வெம்பிய காயாக இருந்துவிட முடியும் என்பதற்கு அது சாட்சி. நம் கல்லறைத் தோட்டங்களில், நம் சப்பர வரிசையில், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பேச்சில், கண்ணுக்குத் தெரியாத சுவர் இன்று இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் முடியுமா?

இங்கே ஒருவர் கேட்கலாம். குழந்தைகளைப் போல ஆகாவிட்டால் விண்ணரசில் இடமில்லை என்று ஆண்டவர்தானே சொன்னார், பிறகு ஏன் முதிர்ச்சி முதிர்ச்சி என்கிறீர்கள்? நியாயமான கேள்வி. லிசியே நகரத்துக் குழந்தை இயேசுவின் தெரேசாளைக் கேட்போம். சிறு வயதில் தாயை இழந்தவர். எதற்கெடுத்தாலும் அழுதுவிடுவார். 1886ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவு, நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகளின் காலணியில் பரிசு வைப்பது அங்கு வழக்கம். களைத்துப் போயிருந்த தந்தை, இந்தச் சிறுபிள்ளை வழக்கம் இந்த ஆண்டோடு முடிகிறதே, நல்லது என்ற பொருளில் சலித்துக்கொண்டது மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தெரேசாளின் காதில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 14கூட நிறையவில்லை. கண்ணீர் முட்டியது. அடக்கிக்கொண்டு கீழே இறங்கி, ஒன்றும் கேளாதவர் போல மகிழ்ச்சியாகப் பரிசுகளைப் பிரித்துத் தந்தையைச் சிரிக்க வைத்தார். தம் வாழ்வின் பெரிய மனமாற்றம் அதுதான் என்று பின்னாளில் எழுதி வைத்தார். தரிசனம் இல்லை, புதுமை இல்லை. ஒரு மாடிப்படி. தன் மனக்காயத்தைவிட அப்பாவின் களைப்பு பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அதன்பின் அவர் வாழ்ந்த நாளெல்லாம் இறைத்தந்தையின் கையில் குழந்தையாகவே இருந்தார். ஆக, தந்தையை நம்புவதில் குழந்தையாக இருக்கலாம். எனக்கு, எனக்கு என்று கேட்பதில் குழந்தையாக நின்றுவிடுவதே பிரச்சினை.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் திருத்தூதர் பவுலடியார், கண்ணால் காண்பதை வைத்து அல்ல, நம்பிக்கையை வைத்தே நாம் நடக்கிறோம் என்கிறார். இதைச் சொல்வது எளிது. திருப்பலியில் உட்கார்ந்திருக்கும்போது மனம் வறண்ட மணலாகக் கிடக்கும் காலங்கள் வரும். செபித்தால் சுவரோடு பேசுவதுபோல இருக்கும். அப்போதுதான் பலர் கல்லைத் தேடிப் போகிறார்கள். எங்கே உடனே அற்புதம் நடக்கிறதாம், யார் தலையில் கைவைத்தால் உடனே ஆறுதல் கிடைக்கிறதாம் என்று ஊர் ஊராக ஓட்டம். அந்த ஓட்டத்தை நாம் கேலி செய்யவில்லை. வலி உள்ளவர் ஓடத்தான் செய்வார். ஆனால் வறட்சியும் விளைச்சலின் ஒரு பகுதிதான். மா பூத்திருக்கும்போது மழை கொட்டினால் பூவெல்லாம் உதிர்ந்துவிடும் என்று தோட்டக்காரர்கள் பயப்படுவதைக் கேட்டிருக்கிறோம். மழை வேண்டும்தான், எந்த நாளும் வேண்டும் என்பதில்லை.

அந்த நூற்பாலைச் சகோதரரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறோம். அவருடைய வீட்டிற்கு நாம் போகவே இரண்டு மாதம் ஆயிற்று. வெட்கம்தான் காரணம். போன அன்று, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றோம். அவர், "உக்காருங்க சாமி" என்று மட்டும் சொன்னார். தேநீர் போட்டுக்கொடுத்தார். மனைவி எப்படிப் போடுவார் என்பதைச் சொன்னார். அரைமணி நேரம் அவரே பேசினார், நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். கோவிலுக்கு வரச்சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு மாதம் ஒருமுறை அப்படிப் போனோம். அன்பியத்திலிருந்து ஒரு பாட்டியம்மா வாரம் இரண்டு நாள் குழம்பு கொடுத்தனுப்பினார் என்பது நமக்கே பிறகுதான் தெரிந்தது. மறையுரை எதுவும் செய்யாததை அந்தக் குழம்பு செய்திருக்கக்கூடும்.

நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் அனைவரின் நினைவு நாளுக்கு முந்தின மாலை, கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கும் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தோம். அவர்தான். நைட் ஷிப்டு முடித்துப் பகலில் கொஞ்சம் தூங்கி எழுந்து வந்திருந்தார். மனைவியின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்து, அருகில் இருந்த கல்லறைக்கு அடித்துக்கொண்டிருந்தார். அதற்கு அப்பால் உள்ள வரிசை வேறு தெருக்காரர்களுடையது. திருநாளுக்குக்கூட இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் போவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

நம்மைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். "சுண்ணாம்பு மீதி கிடக்கு சாமி. அந்த வரிசையையும் அடிச்சிரட்டுமா?" என்றார்.

இருட்டும்வரை இருவருமாக அடித்தோம்.